நிறுத்தி வைத்த குரல்

எனக்குச் சத்தமாகப் படிக்கிற பழக்கம் உண்டு. திரையில் எது வந்தாலும் வாய்விட்டுப் படித்துவிடுவேன். இருபது வருடமாகக் காது மிசின் பார்க்கிற வேலை. எதிரில் இருப்பவருக்குப் படிக்கத் தெரியுமா, கண்ணாடி கொண்டுவந்தாரா என்றெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும். நாமே படித்து, "சரிங்களாண்ணா?" என்று கேட்டு, அவர் தலையாட்டியதும் அடுத்ததை அழுத்திவிட்டால் ஆளுக்குப் பத்து நிமிடம் மிச்சம். இதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. குமாரபாளையத்துக் கல்யாண மண்டபம் ஒன்றின் மணமகள் அறையில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு அந்தப் பெருமை போனது.

விசைத்தறி ஓட்டுகிறவர்களுக்குக் காது போவது அந்த ஊரில் யாரும் ஆச்சரியப்படுகிற சேதி இல்லை. நாற்பத்தைந்து வயதில் பாதி போகும், ஐம்பதில் மீதி போகும். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஒரு திட்டத்தில் அவர்களுக்கெல்லாம் இலவசமாக மிசின் பொருத்தினோம். காதுக்குப் பின்னால், தோலுக்கு அடியில், ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு குட்டிக் கணினி. அதை ஓட்டுகிற இயங்குதளத்தை ஊரே 'வெர்சன் ரெண்டு' என்றுதான் சொல்லும். கைப்பேசி மாதிரி அதற்கும் அவ்வப்போது புதுசு வந்தது. யாரும் ஏற்றிக்கொள்ளவில்லை. ஓடுகிற தறியை நிறுத்துவானேன் என்று இருந்துவிட்டார்கள்.

இந்த வருடம் கம்பெனி கைகழுவிவிட்டது. வெர்சன் இரண்டுக்கு இனி ஆதரவு இல்லை, ஓட்டை விழுந்தால் அடைக்கமாட்டோம் என்று அறிவிப்பு வந்தது. ஓட்டை விழுந்தும்விட்டது. பவானியில் ஒருவர் காதில் மூன்று நாள் விடாமல் லேகிய விளம்பரம் ஓடியது. பள்ளிபாளையத்தில் ஒரு பெரியம்மாவின் காதுக்குள் பேங்கிலிருந்து பேசுவதாக ஒருவன் பேசியிருக்கிறான். செத்துப்போன மாமனார்தான் ஏதோ சொல்கிறார் என்று அந்தம்மா கற்பூரம் ஏற்றியிருக்கிறார். இனி தாமதிக்க முடியாது, மாதக் கடைசிக்குள் எல்லாரையும் வெர்சன் ஐந்துக்கு ஏற்ற வேண்டும், ஏற்றாத மிசினை அணைத்துவிடுவோம் என்று உத்தரவு. அதற்குத்தான் மண்டபத்தில் முகாம்.

எனக்கு ஒதுக்கியது மணமகள் அறை. கண்ணாடி ஓரமெல்லாம் யாரோ கழற்றி ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டுகள். வாசலில் கதவுக்குப் பதில் ஒரு துணித்திரை. திரைக்கு அந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலிகளில் நாற்பது பேர் காத்திருந்தார்கள். உடன் வந்தவரைக் கடைசிச் சோதனைக்கு மட்டும் உள்ளே விடவும் என்று கம்பெனித் தாளில் இருந்தது. எங்கள் பக்கம் ஆஸ்பத்திரிக்கு யாரும் தனியாக வருவதில்லை. வந்தவரை வெளியே நிற்கச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். அந்த விதியை முதல் நாளே விட்டுவிட்டேன்.

அங்கமுத்தண்ணன் உள்ளே வந்தார். அறுபது இருக்கும். எட்டுத் தறி ஓடுகிற பட்டறையில் முப்பது வருடம் நின்றவர். பின்னால் அவர் மனைவி சௌந்தரக்கா, விசேஷத்துக்கு வருகிறவர் மாதிரி நல்ல சேலை கட்டி, தலைக்குப் பூ வைத்து வந்திருந்தார். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்தார். அக்கா என் பக்கம் வந்து நின்றுகொண்டார்.

"தம்பி, ஒரு சந்தேகமுங்க. புதுசு ஏத்துனா என்ற பேச்சு அவருக்குக் கேக்குமுங்களா?"

"இப்பக் கேக்கறதில்லைங்களாக்கா?"

"எல்லார்த்துப் பேச்சும் கேக்குது. பக்கத்து வூட்டு நாய் கொலைக்கறதுகூடக் கேக்குது. என்னுது மட்டும் வுழுகறதில்லை. போன்ல எழுதிக் காட்டுவேன், டம்ளரத் தட்டிக் கூப்புடுவேன். உங்க ஆபீசுலகூட ஒருக்கா வந்து கேட்டேனுங்க. உங்க குரல் சன்னம், சில பேருக்கு அப்பிடித்தான்னு சொல்லி அனுப்பிட்டாங்க."

சொன்னது யாராக இருந்தாலும் அது எங்கள் வழக்கமான பதில்தான். விடை தெரியாதபோது குரல் சன்னம் என்போம். நான் தெம்பாக, "புதுசுல எல்லாம் சரியாயிருமுங்க" என்றேன். அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. அண்ணன் காதில் இதில் என் பேச்சு மட்டும்தான் விழுந்திருக்கும்.

புதுசை ஏற்றுவதற்கு முன்னால் மிசின் ஒரு பரிசோதனை செய்யும். பழையதில் இருக்கிற எதெல்லாம் புதியதற்கு ஒத்துவராதோ, அதையெல்லாம் ஒரு பட்டியலாகக் காட்டும். வெர்சன் இரண்டில் ஒரு வசதி உண்டு. தறிச் சத்தத்தில் தலை வெடித்துப் போகாமல் இருக்க, வேண்டாத சத்தத்தை மிசினுக்குப் பழக்கி, பேர் வைத்து நிறுத்திவிடலாம். அந்தச் சத்தம் அதற்கப்புறம் காதில் ஏறாது. புதியதில் அந்த வசதி இல்லை. இரைச்சலை அதுவே பார்த்துக் குறைத்துக்கொள்ளும், மனிதக் குரலில் கைவைக்காது. அதனால் எல்லாருக்கும் இந்தப் பட்டியல் வரும். காலையிலிருந்து ஒன்பது பேருக்குப் படித்திருந்தேன்.

படித்தேன். "நிறுத்தி வைத்த ஒலிகள், இவை அழிக்கப்படும். தறி ஒண்ணு, தறி ரெண்டு, தறி மூணு, தறி நாலு, அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு. பாவு மிசின். கம்ப்ரசர். சௌந்தரம். சரிங்களாண்ணா?"

சரிங்களா என்று கேட்டு வாயை மூடிய பிறகுதான் என்ன படித்தேன் என்பது எனக்கே உறைத்தது.

அண்ணன் தலையாட்டவில்லை. அக்கா இன்னும் புன்னகையோடுதான் இருந்தார். "யாருங்க தம்பி அது?" என்றார். அந்த ஊரில் சௌந்தரங்கள் எத்தனையோ பேர். பட்டறையில் ஒரு அம்மா அந்தப் பேரில் இருக்கலாம். அப்படி ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அந்த நேரத்தில் எனக்கு ஒரு பொய்கூட வரவில்லை. அதற்குள் அவர் குனிந்து திரையைப் பார்த்துவிட்டார். அவருக்கு நன்றாகப் படிக்கத் தெரிந்தது. பேருக்குப் பக்கத்தில் தேதியும் இருந்தது, பதினொரு வருடம் நான்கு மாதத்துக்கு முந்தைய தேதி.

"இவுங்க அக்கா மக கீர்த்தனா கல்யாணம் முடிஞ்ச வாரம்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

அண்ணனுக்கு அதுவும் கேட்கவில்லை. ஆனால் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டார். "ஏத்துங்க தம்பி" என்றார். "சீக்கிரம் ஏத்துங்க."

எனக்கும் அதுதான் தோதாக இருந்தது. ஓடி ஒளிய இடம் கிடைத்தவன் மாதிரி பொத்தானை அழுத்தினேன்.

இரண்டிலிருந்து ஐந்துக்கு ஒரே தாவலாகத் தாவ முடியாது. மூன்றை ஏற்றி, நான்கை ஏற்றி, அப்புறம்தான் ஐந்து. நாற்பது நிமிடம் பிடிக்கும். அதுவரை அவருக்கு எதுவுமே கேட்காது. மற்றவர்களை அந்த நேரத்துக்கு வெளியே உட்காரவைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவேன், இவர்களை அனுப்ப மனம் வரவில்லை. அந்த நாற்பது நிமிடம் நாங்கள் மூன்று பேரும் அந்தச் சின்ன அறையில் இருந்தோம்.

முதலில் அக்காதான் பேசினார். மெதுவாக, கணக்கு வாத்தியாரிடம் சந்தேகம் கேட்பது போலக் கேட்டார்.

"அது தானா நின்னுக்குமுங்களா, இல்ல ஒருத்தரு நிறுத்தோணுமுங்களா?"

"நிறுத்தோணுமுங்கக்கா."

"கை தவறிப் பட்டுருக்குமோ?"

ஆமாம் என்று சொல்ல எனக்கு வாய்ப்புக் கொடுத்தார். எனக்குப் புரிந்தது. ஆனால் அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. "பேரு வெச்சு, அந்தக் குரலை மூணு தடவை கேக்க வெச்சு, அப்பறம் ஆமான்னு அழுத்துனாத்தான் நிக்குமுங்க."

"அன்னைக்கு மூணு வாட்டி என்னையக் கூப்புட்டு இன்னைக்கு என்ன கொழம்புன்னு கேட்டாருங்க தம்பி. எனக்கு ஞாபகம் இருக்குது. ஏன் இத்தனை வாட்டி கேக்கறாருன்னு நெனச்சேன். புளிக்கொழம்புன்னு மூணு வாட்டியும் சொன்னேன்."

அப்போதுதான் அண்ணன் பேச ஆரம்பித்தார். காது முழுக்க அடைத்திருக்கும்போது தன் குரல் எவ்வளவு ஏறுகிறது என்று ஒருவருக்குத் தெரியாது. அவர் என்னிடம் ரகசியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி பேசினார்.

"தம்பி, அவ கேட்டா நீங்க சொல்லிருங்க. என்னால ஆவாது. என்ற அக்கா மக கல்யாணத்துல இவளைப் பந்திக்குக் கூப்புடாம வுட்டுட்டாங்க. மூணு நாள் அதையே பேசுனா. பட்டறையில தறி, வூட்டுல இவ. ஒரு கோவத்துல நிறுத்திப்போட்டேன். மக்யாநாள் எடுத்துரலாம்னுதான் இருந்தேன். எடுத்தா, நேத்து உன்ற பேச்சை நிறுத்தி வெச்சிருந்தேன்னு சொல்லோணுமே. அதுக்குக் கூச்சப்பட்டுட்டு ஒரு நாள் தள்ளுனேன். வாரமாச்சு. வருசமாச்சு. ஒரு நாள்னா மன்னிப்புக் கேக்கலாம், ஒரு வருசத்துக்கு என்னன்னு கேக்கறது?"

திரைக்கு அந்தப் பக்கம் சலசலவென்று இருந்த பேச்சு அடங்கிப்போனது. நான் உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். யாரிடமும் சொல்லாதே என்று நான் சொல்வதாக எடுத்துக்கொண்டு அவர் தலையாட்டினார். அப்புறம் இன்னும் சத்தமாக, "நீங்கதானுங்க தம்பி சொல்லிக் குடுத்தீங்க" என்றார்.

நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

மிசின் பொருத்திய வருடம் இந்த வசதியைச் செய்து காட்டியவன் நான். தறிச் சத்தத்தை எப்படிப் பழக்குவது என்று காட்டிவிட்டு, கூட்டத்தைக் கலகலப்பாக்க, "வூட்டுக்காரம்மா பேச்சையும் இப்பிடி நிறுத்திக்கலாமுங்க, யாரும் வெளிய சொல்லீராதீங்க" என்பேன். ஆண்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஒவ்வொரு முகாமிலும் சொன்னேன். முப்பது நாற்பது முகாம் இருக்கும். பெண் தறிக்காரர்களும் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள், அவர்கள் சிரித்தார்களா என்று நான் கவனித்ததே இல்லை.

அக்கா என்னைப் பார்த்தார். நான் கண்ணாடியில் இருந்த பொட்டுகளைப் பார்த்தேன்.

ஐந்து ஏறி முடிந்தது. கடைசியாக ஒரு சோதனை உண்டு. கூட வந்தவர் ஏதாவது ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும், மிசின் போட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். நான் அக்காவைப் பார்த்தேன். அண்ணனும் முதல்முறையாக நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். அக்கா வாயைத் திறக்கவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு திரையை விலக்கி வெளியே போய்விட்டார். சோதனைக்கு நானே, "இன்னைக்கு வெயில் சாஸ்தி" என்றேன். "இன்னைக்கு வெயில் சாஸ்தி" என்று அண்ணன் திருப்பிச் சொன்னார்.

அண்ணன் வெளியே போனபோது வரிசையில் இருந்தவர்கள் அவருக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள். அன்று மத்தியானத்துக்குள் அந்த வரிசையிலிருந்து பதினேழு பேர் காணாமல் போயிருந்தார்கள். மறுநாள் அவர்கள் திரும்பி வந்தார்கள், தனியாக. சில பட்டியல்களில் தறி மட்டும்தான் இருந்தது. சிலவற்றில் அம்மா இருந்தார், மாமியார் இருந்தார், மூத்த மகன் இருந்தான். ஒரு பெண் பட்டியலில் அவள் புருசன் பேரும் மாமனார் பேரும் இருந்தன. நான் எதையும் வாய்விட்டுப் படிக்கவில்லை. திரையை அவர்கள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுகொண்டேன். எல்லாருக்கும் படிக்கத் தெரிந்திருந்தது. இதை நான் முதல் நாளே செய்திருக்கலாம்.

மூன்று வாரம் கழித்து என் பேருக்கு ஒரு புகார் வந்தது. 'வெர்சன் ஐந்து. மனைவி குரல் கேட்கவில்லை. அங்கமுத்து.'

போகாமல் இருக்க என்னென்ன வழி உண்டோ எல்லாம் யோசித்தேன். வேறு ஆளை அனுப்பலாம் என்றால், அந்த ஆளிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டும். கடைசியில் நானே போனேன். இரண்டு பக்கமும் தறி ஓடுகிற ஒரு சந்தில் ஓட்டு வீடு. பகல் பன்னிரண்டரை மணி. அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மிசினைச் சோதித்தேன், பழுதே இல்லை. சந்தில் போகிற சைக்கிளின் பெல் சத்தத்தைக்கூட அது எடுத்துக் கொடுத்தது.

"மிசின் நல்லாத்தானுங்கண்ணா இருக்குது."

"தெரியுமுங்க தம்பி" என்றார். "அவ என்கூடப் பேசறதில்லை. சந்துல எல்லார்கூடவும் பேசறா, வூட்டுக்குள்ள வந்தா வாயத் தொறக்கறதில்லை. முன்னாலயாவது வாய் அசையும். இப்ப அதுவும் இல்லை. போன்லயே எழுதிக் காட்டறா. ஏன்னு அவகிட்டக் கேக்க எனக்கு மூஞ்சி இல்லை. நீங்க கேட்டுச் சொல்லுங்க. உங்களை வுட்டா இதை நான் ஆருகிட்டச் சொல்றது?"

அக்கா கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், வாங்க என்று தலையாட்டினார். வேலிப்படலைத் திறந்துகொண்டு இன்னும் இருபதடி தள்ளி, முருங்கை மரத்தடிக்குப் போய் நின்றார். நானும் போனேன். வீட்டுக்குள் கேட்காத தூரம் எது என்று அவர் அளந்து வைத்திருந்தார்.

"அக்கா, நான் அன்னைக்குப் படிச்சிருக்கக் கூடாதுங்க. அதுக்கு முன்னால அந்த முகாம்ல சொன்னதும் தப்புங்க. உங்ககிட்ட என்ன சொல்றதுன்னே தெரியல."

"நீங்க படிக்காட்டியும் எனக்குத் தெரிஞ்சிருக்கும் தம்பி. புதுசுல திடீருன்னு கேட்டா, இத்தனை நாள் ஏன் கேக்கலைன்னு நான் யோசிக்க மாட்டேனா? அதை வுடுங்க."

"அண்ணன் மேல கோவமா இருக்கீங்க. அது நாயந்தானுங்க."

"கோவம் இருந்துச்சு. நாலு நாள் இருந்துச்சு. இது கோவமில்லை தம்பி." சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டார். "கேக்காதுன்னுதான நான் நெனச்சுட்டு இருந்தேன். கேக்காத மனுசங்கிட்ட என்ன வேணாப் பேசலாமில்லைங்க. மத்தியானம் சோறு போட்டுட்டு எதுத்தாப்புல உக்காந்துக்குவேன். மனசுல இருக்கறதையெல்லாம் பேசுவேன். அவுங்க அக்காளைத் திட்டுவேன், அவுங்க அம்மாளைத் திட்டுவேன். அப்பறம் ஒண்ணு சொல்லுவேன். தெனமும் சொல்லுவேன்."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நீங்க முந்திப் போய்ச் சேந்துருங்க, நான் ஒரு நாலு வருசம் நிம்மதியா இருந்துட்டுப் பின்னால வர்றேன்னு சொல்லுவேன். மூஞ்சிக்கு நேரா, சிரிச்சுக்கிட்டே. ஏதோ நல்ல வார்த்தை சொல்றேன்னு நெனச்சு அவரும் சிரிப்பாரு. கட்டுன புருசனைப் பாத்துச் சொல்ற பேச்சா அது? இப்ப வாயத் தொறந்தா அதுதான் முன்னால வந்து நிக்குது. சோறு போடட்டுங்களான்னு கேக்கக்கூட நாக்கு எந்திரிக்க மாட்டேங்குது."

"அவருக்கு அது கேக்கவே இல்லைங்களேக்கா. அப்பறம் என்னங்க?"

"அதுதான் தம்பி எனக்குத் தெரியோணும்." இப்போது என்னை நேராகப் பார்த்தார். "பழைய மிசின்ல நிறுத்துனதைத் தொறக்க முடியுமாமே. பட்டறைக்காரரு ஒருத்தரு சொன்னாரு. காதுக்குப் பின்னால ரெண்டு தட்டு தட்டுனா தொறந்துக்குமாம், தறியில நூல் அறுந்த சத்தம் கேக்கறதுக்காக வெச்சிருந்தாங்களாம். நெசந்தானுங்களா?"

"நெசந்தானுங்க. தொறந்தா, மறுபடி தட்டற வரைக்கும் எல்லாம் கேக்கும்."

"இத்தனை வருசத்துல ஒருக்காவாவது தொறந்து கேட்டாரான்னு பாத்துச் சொல்லுங்க. அது எங்கயாவது எழுதியிருக்குமில்லைங்க."

எழுதியிருக்கும். புதுசு ஏற்றினால் பழையதை முப்பது நாள் எடுத்து வைத்திருப்போம், ஏதாவது தப்பாகிப் பழையதற்கே திரும்ப நேர்ந்தால் உதவும் என்று. இன்னும் ஆறு நாள் பாக்கி இருந்தது. டேப்லெட்டை எடுத்துத் திறந்தேன். எத்தனை முறை திறந்தார், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், அப்போது நிறுத்தி வைத்திருந்த எந்த ஒலி காதில் விழுந்தது என்று வரி வரியாக இருந்தது. 'சௌந்தரம்' என்று தேடினேன்.

இரண்டாயிரத்து முன்னூற்று ஆறு வரிகள் வந்தன.

முதல் வரி நிறுத்தி வைத்து ஏழாவது மாதம். அப்புறம் வாரத்துக்கு நாலு நாள், ஐந்து நாள். நேரம் மத்தியானம் ஒரு மணிக்கு மேல். ஆறு நிமிடம், ஒன்பது நிமிடம். கடைசி வரி முகாமுக்கு முந்தின நாள்.

நான் வாய்விட்டுப் படிக்கவில்லை. இல்லை என்று சொன்னால் இந்தம்மா நிம்மதியாக வீட்டுக்குள் போவார். ஆனால் பதினொரு வருடத்தில் ஒரு நாள்கூட அந்த மனுசன் தன் குரலைக் கேட்க ஆசைப்படவில்லை என்பதையும் சுமந்துகொண்டு போவார். ஆமாம் என்று சொன்னால் அந்தப் பேச்சு அத்தனையும் அண்ணன் காதில் விழுந்தது என்றாகும். எதைச் சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? கேட்காமலே படித்தவன் நான், இப்போது கேட்கிறார்கள், வாய் வரவில்லை.

"அக்கா, இது அண்ணனோடதுங்க. நான் சொல்லக் கூடாது. அவருகிட்டக் குடுக்கறேன். அவரு படிக்கறதும் படிக்காததும் அவரு இஷ்டமுங்க."

அக்கா முகம் வெளுத்துவிட்டது. இல்லை என்றால் நான் உடனே சொல்லியிருப்பேன் என்று அவருக்குத் தெரியாதா? ஆனாலும் தலையாட்டினார்.

உள்ளே போய் அண்ணன் கையில் டேப்லெட்டைக் கொடுத்தேன். "அக்கா கேட்டாங்க, நீங்க எப்பவாவது தொறந்து கேட்டீங்களான்னு. நான் எதுவும் சொல்லலைங்க" என்றேன். அவர் திரையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். விரலால் தள்ளித் தள்ளிக் கீழே போய்க்கொண்டே இருந்தார். அக்கா கொல்லைப்புற நிலைவாசலில் வந்து நின்றார். வாசல்படியைத் தாண்டவில்லை.

அண்ணன் படித்தார். எழுத்துக் கூட்டி, நிறுத்தி நிறுத்திப் படித்தார். "சனவரி ஒம்பது. மத்தியானம் ஒண்ணு பன்னெண்டு. எட்டு நிமிசம். சௌந்தரம். சனவரி பத்து. மத்தியானம் ஒண்ணு அஞ்சு. ஆறு நிமிசம். சௌந்தரம். சனவரி பன்னெண்டு."

வெளியே தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அக்கா நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பக் கேட்டுக்கிட்டேதான் சிரிச்சீங்களா?"

பதினொரு வருடத்தில், அவர் கேட்பார் என்று தெரிந்து அக்கா பேசிய முதல் பேச்சு அது. குரல் சன்னமாக எல்லாம் இல்லை. நல்ல கணீரென்ற குரல். அண்ணனுக்கு நன்றாகவே கேட்டது. அவர் டேப்லெட்டைக் கட்டிலில் கவிழ்த்து வைத்தார்.

"நீ என்ற மூஞ்சியப் பாத்துச் சிரிக்கறது அந்த நேரம் மட்டுந்தான் சௌந்தரம். என்ன சொல்லி இப்பிடிச் சிரிக்கறேன்னு பாக்கத்தான் தொறந்தேன். கேட்டுப்போட்டேன். கேட்டதுக்கு அப்பறமும், நீ சொல்றது எனக்குத் தகும்னுதான் பட்டுச்சு. நான் சிரிக்காம இருந்தா நீயும் நிறுத்திருவியேன்னு சிரிச்சேன்."

அக்கா தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். அழவில்லை, வார்த்தையைத்தான் பிடித்து வைத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் தலைப்பை எடுத்தார்.

"நீங்க சிரிக்கறீங்களேன்னுதான் நானும் தெனம் அதையே சொன்னேன்."

நான் அங்கே நின்றிருக்கக் கூடாது. டேப்லெட்டை எடுக்கக் கட்டில் பக்கம் போக வேண்டும், அவர்கள் இரண்டு பேருக்கும் குறுக்கே. தலையைக் குனிந்துகொண்டு போய் எடுத்தேன். புகாரை முடித்துவைக்க அண்ணனின் கைரேகை வேண்டும், 'குறை தீர்ந்தது' என்று அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். கேட்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு சந்தில் இறங்கிவிட்டேன். அந்தப் புகார் இன்னும் என் பேரில்தான் நிற்கிறது. ஆபீசில் மாதாமாதம் கேட்கிறார்கள்.